சீர்த்தட்டில் போன குச்சி

"திங்கக் கூடாது, விக்கக் கூடாது, யாருக்கும் ஒண்ணு குடுக்கவும் கூடாது. அப்புறம் இன்னாத்துக்கு மேடம் இதை வெளைய வெக்கறீங்க?" என்று தேவயானி முதல் நாளே கேட்டாள்.

வெண்ணிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரவள்ளிச் செடியின் மரபணுவை மாற்றுகிற வேலையில் அவள் ஆய்வகத்துக்குள் பல வருஷங்கள் கழித்திருந்தாள். எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருந்தாள். ஒருவரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

"கிழங்குக்குள்ள சர்க்கரையை மாவாக்கறதுக்குன்னு ஒரு வேலையாள் இருக்கான்னு வெச்சுக்கங்கக்கா. மாவு கொஞ்சம் சேர்ந்ததும் அவன் போதும்னு கையைக் கட்டிக்கினு ஒக்காந்துடுவான். நாங்க அவனை ஒக்கார வுடாம பண்ணியிருக்கோம். அதனால மாவு கூட சேரணும். நெசமாவே சேருதா, வேற ஏதாச்சும் கெடுதல் வருதான்னு மொதல்ல பாக்கணும். பாத்து முடிக்கறவரைக்கும் ஒரு இலை கூட வெளிய போவக் கூடாது."

தேவயானி கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அவனை ஓவர்டைம் பாக்க வெச்சிருக்கீங்க."

"அதேதான்க்கா."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கச் சம்மதித்தாள்.

மலைமேல் ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகிற சாலையில், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது அந்த நிலம். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் மரவள்ளி போடவில்லை. வெண்ணிலா அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டார்கள். ஒரே கதவு, ஒரே பூட்டு. சாவி தேவயானியிடம். அவளுக்குத் தினமும் மேற்பார்வை வேலை. பூ வைத்தால் உடனே கிள்ளி எரிக்க வேண்டும். பன்றி, முயல், மனிதர் எதுவும் உள்ளே வரக் கூடாது. மாற்றிய செடியில் மூன்று வகை, மாற்றாத தாய்ச்செடியில் ஒரு வகை என வரிசை வரிசையாக நட்டு, ஒவ்வொரு செடியின் காலிலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை கட்டினார்கள்.

வெண்ணிலா செங்கம் பக்கத்துக்காரி. கீழே இருந்து பார்த்தால் தெரிகிற இந்த மலைமேல் அவள் அதற்கு முன் இரண்டு தடவைதான் வந்திருந்தாள். இப்போது வாரம் தவறாமல் ஸ்கூட்டியில் ஏறி வந்தாள். செடிகள் அவள் தோளைத் தாண்டி வளர்ந்தன. தேவயானியின் கணவர் வேடியப்பன் வேலிக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார். அவர்களுடைய ஒரே மகள் தமிழ்மணியை மலைக்குக் கீழே அமிர்தி பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு வெண்ணிலாவையும் கூப்பிட்டார்கள். ஆய்வகத்தில் வேலை இருந்ததால் அவளால் போக முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது ஒரு தண்டு காணாமல் போயிருந்தது.

மூன்றாம் வகையின் நடு வரிசையில், இரண்டு தண்டாகக் கிளைத்து நின்ற செடி அது. இப்போது ஒரு தண்டுதான் இருந்தது. இன்னொன்று அடியோடு, சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் மண் பூசியிருந்தார்கள். பக்கத்துச் செடிகளின் இலைகள் மூடியிருந்ததால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

வெண்ணிலா குனிந்து வரிசை முழுக்கத் தரையைத் தேடிப் பார்த்தாள். மரவள்ளிக்கு விதை தேவையில்லை. தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணில் செருகினால் போதும், ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. போன தண்டு எங்கே யார் கொல்லையில் முளைத்துக்கொண்டிருக்கிறதோ?

தேவயானி வந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப் போனது. "சாவி எங்கிட்டதானே கீது மேடம்? தெனம் நான்தானே தொறக்கறேன்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். வெண்ணிலா அங்கே நின்று திட்டத் தலைவர் பார்த்திபனுக்குப் போன் போட்டாள்.

"பன்னி ஒடிச்சிருக்கும்மா" என்றார் அவர்.

"பன்னி கத்தி வெச்சு சாய்வா வெட்டாது சார். வெட்டின எடத்துல மண்ணும் பூசாது."

"ரெண்டு நாள் தேடிப் பாரேன். கெடச்சிடுச்சுன்னா அனுமதி குடுத்த குழுவுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே? சொன்னா மொத்த வயலையும் புடுங்கி எரிக்கச் சொல்லிடுவாங்க. இன்னும் மூணு மாசத்துல அறுவடை."

வெண்ணிலாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டே மேடு ஏறி வந்திருந்தாள். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டதும் அது அவளுக்கு நன்றாக இல்லை.

"சார், நாளைக்கு இந்தக் கிழங்கை நம்புங்கன்னு ஊருக்குப் போய் சொல்லப்போறது நாமதான். இப்பவே மறைச்சோம்னா அப்ப எந்த மொகத்தோட போய் நிக்கறது?"

பார்த்திபன் பெருமூச்சு விட்டார். "சரி, அனுப்பிடு. எம்பேரையும் சேர்த்தே போடு."

அனுமதிக் குழுவுக்கு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வருவார் என்று மறுநாளே பதில் வந்தது.

அன்று சாயங்காலம் வெண்ணிலா தேவயானியின் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஆறிப் போயிருந்தது. தேவயானி கீரை ஆய்கிறேன் என்று காம்பையெல்லாம் முறத்தில் போட்டுவிட்டு இலையைத் தூர எறிந்துகொண்டிருந்தாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த தமிழ்மணி, கை நிறைய வளையலோடு கொய்யாப்பழம் தின்றபடி மாமியார் பாஞ்சாலியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கையில் பழம் இருந்ததால் போனைக் காதில் பிடிக்காமல், ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு" என்றது பாஞ்சாலியின் குரல். "அப்புறம் உங்க நைனா சீர்த்தட்டுல வெச்சுக் குடுத்தாரே குச்சி, அது சோக்கா துளிர் வுட்டுடுச்சு. உன் மாமனார் காத்தால எழுந்ததும் மொகம் கூட கழுவாம அதைத்தான் போய்ப் பாக்கறாரு."

முறம் நின்றது. வெண்ணிலா நிமிர்ந்தாள். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த வேடியப்பன் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா குச்சிம்மா?" என்று தமிழ்மணி அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

தேவயானி எழுந்து வாசலுக்குப் போனாள். "யோவ். இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

வேடியப்பன் காலைக் கீழே வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் அவருக்கு. "நிச்சயதார்த்தத்தன்னிக்கு சம்மந்தி இன்னா சொன்னாரு? மலையில வெளையற கிழங்கு எலிவாலாட்டம்தான் இருக்கும்னாரு. பந்தியே சிரிச்சுது. நான் குனிஞ்சுகினு சாப்பிட்டேன். அன்னியிலேர்ந்து நெஞ்சுல கெடக்குது." அவர் வெண்ணிலாவைப் பார்க்காமல் பேசினார். "இங்க ஒரு நாள் இவ அசந்த நேரம் சாவியை எடுத்துகினு உள்ள போய் மண்ணைத் தள்ளிப் பாத்தேன். ஒரு கிழங்கு என் தொடை மொத்தம் கீது மேடம். அவருக்கும் காட்டணும்னு தோணிச்சு. ஆறு துண்டா நறுக்கி, மஞ்சக் கயிறு கட்டி, வளையல் தட்டுக்குப் பக்கத்துல வெச்சேன்."

"சீர்த்தட்டுல!" தேவயானி தலையில் அடித்துக்கொண்டாள். "திருடினதுதான் திருடின. அதுக்கு மஞ்சக் கயிறு வேறயா?"

தமிழ்மணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அதைப் பார்த்து வெண்ணிலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே, அதுவே பெரிய விஷயம்.

ஆனால் தேவயானி சிரிக்கவில்லை. "மேடம், உங்களுக்குப் புரியல. அது சீரு. பொண்ணு வூட்டுலேர்ந்து போனது. அதைத் திருப்பிக் குடுங்கன்னு எந்த மொகத்தோட கேப்பேன்? ஊருல இருக்கறவங்க காறித் துப்புவாங்க. எம்பொண்ணு அங்க வாழ வேணாமா?"

மறுநாள் காலையில் இருவரும் ஸ்கூட்டியில் அமிர்திக்கு இறங்கினார்கள். வேடியப்பனும் வருகிறேன் என்றார். தேவயானி பார்த்த பார்வையில் பின்வாங்கிக்கொண்டார். வளைவுக்கு வளைவு தேவயானி ஒரு தடவை, "மொதல்ல நீங்க பேசுங்க மேடம்" என்பாள். அடுத்த வளைவில், "வேணாம், நானே பேசறேன்" என்பாள்.

தமிழ்மணியின் மாமனார் சேட்டு வீட்டுப் பின்கொல்லையில் ஐந்து செடிகள் இருந்தன. முழங்கால் உயரத்துக்கு முள்வேலி, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாத்தி, வெயிலுக்குத் தென்னங்கீற்று நிழல். கையகல இலைகள் பளபளவென்று விரிந்திருந்தன. ஐந்தின் காலிலும் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

"வாங்க சம்மந்தி, வாங்க. பாத்தீங்களா, ஒரு துண்டு கூட சோடை போவல" என்று சேட்டு பெருமையாகக் காட்டினார். "உங்க வூட்டுக்காரரு சும்மா சொல்லக் கூடாது. நல்ல பொருளாத்தான் குடுத்திருக்காரு. எங்க கிழங்கே ஆலையில இருபத்தெட்டு பாயிண்ட் போவும். இது இன்னும் மேல போவும்னு சொன்னாரு."

மாவு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் ஜவ்வரிசி ஆலைகளில் பாயிண்ட் என்பார்கள். சேட்டு நான்கு ஏக்கரில் மரவள்ளி போடுகிறவர். அவருக்கு அந்த எண்தான் உயிர்.

தேவயானி வாயைத் திறந்தாள். மூடினாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சாவி, வேலி, தன் கணவர் செய்தது, வெள்ளிக்கிழமை வரப்போகிற அதிகாரி, எல்லாம்.

சேட்டின் முகம் மாறிவிட்டது. "சீர்ல வெச்சதைத் திருப்பிக் கேக்க வந்திருக்கீங்க."

"ஆமாங்க."

"வளைகாப்புல எத்தினி பேரு பாத்தாங்க தெரியுமா? டீக்கடையில கூட சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு எங்கடா குச்சின்னு கேட்டா, சம்மந்தி வூட்டுல திரும்ப வாங்கிகினு போய்ட்டாங்கன்னு சொல்லட்டுமா?" அவர் வெண்ணிலா பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இது நல்ல கிழங்குதானே? அப்போ விவசாயிகிட்ட குடுக்கறதுக்கு இன்னா?"

"நல்ல கிழங்கான்னு எனக்கே இன்னும் தெரியாதுங்க" என்றாள் வெண்ணிலா. "மாவு கூட இருக்கும்னு நெனைக்கறேன். ஆனா பூச்சி தாங்குமா, ரெண்டாவது வருஷம் இப்படியே இருக்குமா, சாப்பிட்டா ஒத்துக்குமா, எதுவும் இன்னும் பாத்து முடிக்கல. பாக்காமலே வெளிய பரவிடுச்சுன்னா, இந்த வேலையையே நிறுத்திடுவாங்க. அப்புறம் உங்களுக்கும் கெடைக்காது, யாருக்கும் கெடைக்காது. உங்ககிட்ட நல்லபடியா வந்து சேரணும்னுதான் இப்ப திருப்பிக் கேக்கறேன்."

சேட்டு செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பாஞ்சாலி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நம்ம மருமவ முழுகாம கீறா. அவ சாப்பிடற வூட்டுக் கொல்லையில, பாத்து முடிக்காத ஒண்ணை இன்னாத்துக்கு வெச்சுக்கணும்?" என்றாள் கணவரிடம்.

"அதுக்கு? சீரைத் திருப்பி அனுப்பிடறதா?"

"யாரு திருப்பி அனுப்பச் சொன்னா? வெள்ளிக்கிழமை நான் மருமவளைப் பாக்கப் போறதா இருந்தேன் இல்ல? பலகாரம் செஞ்சு எடுத்துகினு போறேன். அந்தத் தட்டோட இதையும் வெச்சு எடுத்துகினு போறேன். அவங்க குடுத்தாங்க, நம்ம வூட்டுல தழைஞ்சுது, தழைஞ்சதை நாம மருமவளுக்கு வரிசையா எடுத்துகினு போறோம். இதுல யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

சேட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக மீசையைத் தடவினார். "மேளத்தோட போவலாம்" என்றார்.

தேவயானி பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு துண்டு சொன்னீங்களேக்கா. இங்க அஞ்சுதான் இருக்குது" என்றாள் வெண்ணிலா.

சேட்டு தலையைச் சொறிந்தார். பெருமை தாங்காமல் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்திருந்தார். அவள் அது என்ன குச்சி என்று கூடக் கேட்காமல், அவரைக் கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். முட்டு துளிர்த்திருந்தது. அவரைக் கொடியை அதிலிருந்து பிரித்து வேறு குச்சிக்கு மாற்றுவதற்குள் வெண்ணிலாவுக்கும் தேவயானிக்கும் இடுப்பு கழன்றுவிட்டது.

வெண்ணிலா அன்றே ஆறு செடிகளையும் வேர் மண்ணோடு தோண்டி, தடித்த பைகளில் போட்டு, வாயைக் கட்டி முத்திரை வைத்தாள். பைகளைச் சேட்டு வீட்டிலேயே ஒரு அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். தோண்டிய இடங்களைப் படம் எடுத்தாள். எல்லாவற்றையும் அன்றைக்கே குழுவுக்கு எழுதினாள். சீர்த்தட்டை எப்படி எழுதுவது என்று மட்டும் வெகு நேரம் யோசித்தாள். கடைசியில் "குடும்ப விழாவில் அன்பளிப்பாக" என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெண்ணிலா அமிர்திக்குப் போய் அறையைத் திறந்துவிட்டு, பைகளோடு சேட்டு குடும்பத்தின் வேன் கிளம்பியதும் அதற்கு முன்னால் ஸ்கூட்டியில் மலை ஏறினாள். அவள் வந்து சேர்ந்த சற்று நேரத்தில் அதிகாரி நீலாவதியின் ஜீப் வந்தது. கறாரானவர் என்று பெயர் எடுத்தவர் அவர். வேலியைச் சுற்றி வந்து கம்பியை இழுத்துப் பார்த்தார். வெட்டுப்பட்ட செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிசையிலும் செடிகளை எண்ணினார். பார்த்திபனும் வந்திருந்தார். அவர் நெற்றியை நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சாலைப் பக்கம் பம்பைச் சத்தம் கேட்டது.

தமிழ்மணியின் கணவன் வெற்றிச்செல்வன் திருவிழாக்களில் பம்பை அடிப்பவன். தன் குழுவோடு முன்னால் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பட்டுச் சேலையில் பாஞ்சாலி, அதிரசத் தட்டோடு. அதற்குப் பின்னால் முறுக்கு, பழம், பூ. கடைசியில் சேட்டு நடந்து வந்தார், வெள்ளை வேட்டி கட்டி, பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. தாம்பாளத்தில் முத்திரை வைத்த ஆறு பைகள். ஒவ்வொரு பையின் மேலும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

நீலாவதி வேலிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "என்னது இது?"

"காணாமப் போன தண்டுங்க மேடம்" என்றாள் வெண்ணிலா.

வேடியப்பன் ஓடிப் போய்ச் சேட்டின் முன்னால் நின்றார். கையைக் கூப்பினார். சேட்டு தாம்பாளத்தை அவரிடம் நீட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "மலையில நல்ல கிழங்குதான்யா வெளையுது. புடி."

வேடியப்பனின் கண் நிறைந்துவிட்டது.

நீலாவதி முத்திரைகளைச் சரிபார்த்தார். பைகளை எண்ணினார். குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை வருஷ வேலையில எனக்கு யாரும் இப்படிப் பொருளை ஒப்படைச்சதில்லை" என்றார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஆனால் உடனே சமாளித்துக்கொண்டார். "இது சின்ன விஷயம் இல்லைம்மா. நீங்களே எழுதலைன்னா, இன்னிக்கு நான் இந்த வயலை எரிக்கச் சொல்லியிருப்பேன். அமிர்தியில அந்த ரெண்டு கொல்லையையும் ஒரு வருஷம் கண்காணிக்கணும். அங்க எது முளைச்சாலும் எனக்குத் தெரியணும். இங்க ரெண்டாவது பூட்டு போடுங்க. மத்தபடி நடக்கட்டும்."

பார்த்திபன் கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். பாஞ்சாலி அதிகாரி கையில் இரண்டு அதிரசத்தைத் திணித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு ஜீப்பில் உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அறுவடையின்போது தமிழ்மணிக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சேட்டு அனுமதி கேட்டு, தன் நான்கு ஏக்கரில் விளைந்த கிழங்கு ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்தார். வேலிக்கு வெளியே அதையும் தனியாக எடை போட்டே தீர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கிழங்கை முதலில் வெளியே நிறுத்து, பிறகு தண்ணீர் டிரம்முக்குள் தொங்கவிட்டு நிறுத்தார்கள். மாவு அதிகமான கிழங்கு தண்ணீருக்குள்ளும் எடை காட்டும்.

மாற்றிய செடியில் முதல் வகை தாய்ச்செடி அளவுக்குத்தான் வந்தது. இரண்டாம் வகை ஏமாற்றிவிட்டது. தழைதான் அடர்த்தி, அடியில் கிழங்கு நிஜமாகவே எலிவால். சேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் வகையைத் தொங்கவிட்டபோது தராசு முள் நகர்ந்த தூரத்தைப் பார்த்து வெண்ணிலா மறுபடியும் நிறுக்கச் சொன்னாள். மறுபடியும் அதேதான். முப்பத்தைந்து பாயிண்ட். அடுத்தடுத்த செடிகளிலும் கிட்டத்தட்ட அதுவே வந்தது. அவள் தேவயானியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருவர் கையிலும் இருந்த சேறு இருவர் முதுகிலும் ஒட்டியது.

"ஓவர்டைம் நல்லா பாத்திருக்கான்" என்றாள் தேவயானி.

சேட்டின் கிழங்கு இருபத்தெட்டோடு நின்றது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வயல் கிழங்கு முழுவதையும் நறுக்கிக் குழியில் போட்டு மூடி முடித்தபோது எல்லோருக்கும் நல்ல பசி. சேட்டு தன் கூடையைத் தேவயானியின் அடுப்புக்கு அனுப்பினார். வெந்த கிழங்கு வெள்ளையாகப் பிளந்து ஆவி பறக்க வந்தது. மேலே பச்சைமிளகாய்ச் சட்னி.

"பாயிண்ட் உங்களுது. சாப்பாடு என்னுது" என்றார் சேட்டு. யாரும் மறுக்கவில்லை. எல்லோர் வாயிலும் கிழங்கு இருந்தது.

மிச்சத்தை வாழையிலையில் கட்டி வெண்ணிலாவின் கையில் கொடுத்தார் வேடியப்பன். மறுநாள் அவள் அந்தப் பொட்டலத்தை ஆய்வகத்து மேசையில் வைத்துப் பிரித்தாள். கிழங்கைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். பார்த்திபன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"வெண்ணிலா! இது எந்தக் கிழங்கு?"

"சேட்டு கிழங்கு சார். மலைக்குக் கீழ வெளைஞ்சது. தைரியமா சாப்பிடுங்க."

அவர் ஒரு துண்டைப் பிட்டு, முகர்ந்து பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார். மென்றபடியே அவள் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.